மறு எடை

மோல்மேன் சந்தை வாசலில்
எனக்கு ஒரு முக்காலி, ஒரு தராசு,
தலைக்கு மேலே ஒரு சட்டம்.
நகரசபை ஆள் வந்து
நான்கு ஆணியடித்து மாட்டிப் போனான்.
மழையில் ஓர் ஆணி துருவேறி விழ,
மூலை சுருண்டு
அபராதத் தொகை மட்டும் உள்ளே ஒளிந்துகொண்டது.

வாங்கிய பொருளை இங்கே இலவசமாக
மறு எடை போட்டுக்கொள்ளலாம்.
வாசிக்கிறார்கள், உதடசைத்து, முழுசாக.
வாசித்துவிட்டுப்
பிள்ளையை ஏற்றி நிறுத்துகிறார்கள்.
ஒருநாள் ஒரு சண்டைச் சேவல் ஏறியது.
தைப்பூச விரதத்தில் பழனியாண்டி
தினமும் வந்து தன்னையே நிறுத்துப் பார்த்தான்,
பக்தி எத்தனை வீசை குறைத்ததென்று.
பூண்டு, பருப்பு, கூனி, நப்பி
எதுவும் ஏறவில்லை.

கேட்டுப் பார்த்தேன்.
"தெரியும்ப்பா, குறையும். எங்கதான் குறையாது?"
"எம் மக சடங்குக்கு ரெண்டு நாளு வந்து நின்னவ.
அவ போட்ட முடிச்ச
அவ கண்ணு முன்னால அவுக்கவா?"
பர்மாக்காரர் இதை ஆனாடே என்பார்.
நாம் தாட்சண்யம் என்போம்.
எந்தப் பெயரில் ஏற்றினாலும் எடை ஒன்றுதான்.

இங்கே வீசைக்கு நூறு திக்கல்.
சொல் நம்முடையது.
கப்பலேறி வந்து பெய்த்தா ஆனது.
வழியில் தேய்ந்ததற்கு
அன்றும் யாரும் புகார் எழுதவில்லை.

புரட்டாசியில் ஒருத்தி வந்தாள்,
முடான் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள்.
மணிக்கட்டில் ரப்பர் காய்ந்திருந்தது.
ஒரு வீசைக் கூனியை வைத்தாள்.
பச்சை எண் எண்பத்தெட்டில் நின்றது.
"ஒங்க தராசு நோஞ்சானா?"
முத்திரைக் கல்லை வைத்துக் காட்டினேன். நூறு.
புகார்த் தாளை நீட்டினேன்:
பெயர், அடையாள அட்டை, கடை, ரசீது.
"ரசீதா?
எங் கல்யாணத்துக்கே ரசீது கெடையாது."
போன பன்னிரண்டு திக்கலைச்
சிரிப்பாலேயே ஈடுகட்டிவிட்டுக்
கடைசி லைன் காருக்கு ஓடினாள்.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
அது டோ சான் யி கடைக் கூனி.
பலகையில்தான் அந்தப் பெயர்,
தீமிதிக்கு வரும்போது செங்கமலம்.
என் வீட்டுக் கூனியும் அங்கேதான், பதினோரு வருடமாக.
காலடியில் தராசை வைத்துக்கொண்டு
ஒருநாளும் நான் ஏற்றியதில்லை.

கார்த்திகையில், கடைகள் கதவிறக்கும் நேரம்,
இரண்டு கூலியாட்கள் மூட்டையிழுக்க
அந்தச் செங்கமலமே வந்தாள்.
"போடு."
முப்பது வீசை என்று மையில் எழுதிய மூட்டை.
மின்சாரம் போயிருந்தது,
பேட்டரி வெளிச்சத்தில் எண் மட்டும் எரிந்தது:
இருபத்தாறரை.
"படகுத்துறை ஏஜெண்டு. மூணு மாசமா."
முகத்தில் ஒட்டிய சணல் நாரை எடுத்துப்போட்டு
என் தலைக்கு மேலிருந்ததை
முதல் தடவையாக வாசித்தாள்.
சுருண்ட மூலையை விரலால் நீவி
அபராதத்தையும் வாசித்தாள்.
"இவ்வளவா?" என்றாள்.
யாரை நினைத்துக் கேட்டாளோ.

ஆறு வருடத்தில் முதல் தாள்.
பேனாவை நாலு தடவை உதற வேண்டியிருந்தது.
பெயர் சொன்னாள். ரசீது வைத்திருந்தாள்.
நுகர்வோரா, வியாபாரியா?
ஒன்றில் மட்டும் குறியிடவும்.
"ரெண்டுந்தானே?"
விற்பதற்காக வாங்குகிறவரைச்
சட்டம் எந்தக் கட்டத்தில் வைக்கும்,
எனக்குத் தெரியாது.
ஆணியடித்தவனுக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு கட்டத்துக்கும் நடுவே
பேனாவை நிறுத்திக்கொண்டு சொன்னேன்:
"நாளைக்கு வீட்டுக்கு ஒரு வீசை கூனி வேணும்."
"கட்டி வெக்கிறேன்."
"வேணாம். கொண்டாந்து இங்கயே கட்டுங்க."

அவள் எண்ணைப் பார்த்தாள்.
மூட்டையை இன்னும் யாரும் இறக்கவில்லை.